செம்புக் கிடாரமும் இரண்டு தேசிக்காயும்

என் அம்மா ஒரு மனிதரை நஞ்சு வைத்துக் கொன்றுவிட்டார் என்று பன்னிரண்டு வயதில் நான் ஒரு வாரம் நம்பினேன். சும்மா சந்தேகப்படவில்லை, நற்கருணையை நம்புவதுபோல் நம்பினேன். கொலைக்கருவி இரண்டு தேசிக்காய், வெறும் எலுமிச்சை. கொலையுண்டவர் எங்கள் வீட்டுக்காரர். உடந்தை நான். சாட்சி சொல்லக் கூப்பிட்டால் என்ன உடுப்புப் போடுவது என்பதுவரை யோசித்து வைத்திருந்தேன்.

என் வயதுக்காரரே, சிரிக்க வேண்டாம். நாற்பதை எட்டிப் பார்த்துக்கொண்டு, முன்னந்தலையைக் காற்றுக்கு விட்டுக்கொடுத்திருக்கிற நாம் எல்லோரும் அந்த நாட்களில் எதையெதையோ நம்பினோம். மெட்ரோவின் நகரும் படிக்கட்டு சப்பாத்து நாடாவைப் பிடித்தால் ஆளையும் சேர்த்து உள்ளே இழுத்துக்கொண்டு போய்விடும் என்று பயந்து, ஒரு குளிர்காலம் முழுக்கக் கல்படியால் ஏறியவர் உங்களில் இருக்கிறார். பெயர் சொல்லமாட்டேன். என் கதைக்கு வருகிறேன்.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடம் ஆகியிருக்கும். மொன்றியலில், ஜான்-டலோன் சந்தைக்கு நடந்து போகிற தூரத்தில், வெளியே இரும்புப் படிக்கட்டு வைத்த இரண்டு மாடி வீடு. கீழே வீட்டுக்காரர், மேலே நாங்கள் மூன்று பேர். வீட்டுக்காரர் வட இத்தாலியின் மலைப்பக்கத்தவர். எழுபதைத் தாண்டியவர், மனைவி இல்லை, மகள் ஆற்றுக்கு அப்பால் லாவாலில். அவர் எதைச் சொன்னாலும் கத்தித்தான் சொல்வார். அவர் ‘போன்ஜூர்’ என்றால் அம்மாவின் கையிலிருந்து அகப்பை விழும். குப்பையை எந்தக் கிழமையில் வெளியே வைப்பது என்று அவர் எங்களுக்கு முதன்முதலாக விளங்கப்படுத்திய அன்று, வீட்டை விட்டு எழும்பச் சொல்கிறார் என்று நினைத்து அப்பா அலுமாரிக்கு மேலிருந்த சூட்கேஸை இறக்கினார். அந்த மனிதருக்குக் காது சரியாகக் கேட்காது என்பது எங்களுக்குப் பிடிபட ஒரு குளிர்காலம் போனது.

அப்பா சூட்கேஸை இறக்கியதற்கு வேறு காரணமும் உண்டு. எங்களை அகதிகளாக ஏற்றுக்கொண்டிருந்தார்கள். நிரந்தர வதிவிடம் மட்டும் வரவில்லை. அப்பாவின் பாதுகாப்புச் சோதனை முடியவில்லையாம். ஒரு சோதனை அத்தனை வருடம் எடுக்குமென்றால் அதில் என்னதான் சோதிப்பார்கள் என்று அப்பாவுக்குத் தெரியாது. தெரியாதபடியால் எல்லாவற்றுக்கும் பயந்தார். சிவப்பு விளக்கு எரிந்தால், ஒரு காகம்கூட இல்லாத தெருவையும் கடக்கமாட்டார். சென்ட் லோரன்டில் அவர் வேலை செய்த மருந்துப் பெட்டி அடுக்கும் தொழிற்சாலைக்குப் பிந்திப் போனால்கூட அது ஒட்டாவாவுக்குத் தெரியவரும் என்று நினைத்தார்.

அப்படிப்பட்டவர் கோயில் கூட்டத்தில் கை உயர்த்தினார். மாதா பெருநாளுக்கு ஆட்டிறைச்சிக் கறி யார் காய்ச்சுவது என்பதுதான் கேள்வி. கேள்வியைக் கேட்காமலே உயர்த்தினார் என்று அம்மா இன்றைக்கும் சொல்வார். கோயிலின் பெரிய அலுமினியச் சட்டிக்கு அடியில் ஓட்டை. அப்போதுதான் அப்பாவுக்குக் கீழ்வீட்டுக் கிடாரம் நினைவுக்கு வந்தது. வீட்டுக்காரருக்கு நிலவறையில் இரண்டாவது குசினி ஒன்று இருந்தது. இத்தாலியர்களுக்கு மேலே இருப்பது காட்டுகிற குசினி, கீழே இருப்பது சமைக்கிற குசினி. வெந்நீர்த் தாங்கியைப் பார்க்கக் கீழே போனபோது, அங்கே சுவரில் பெரிய செம்புக் கிடாரம் ஒன்று தொங்குவதை அப்பா கண்டிருந்தார்.

நானும் அப்பாவும் கேட்கப் போனோம். நான் போனது வாயாக. அப்பாவிடம் பிரெஞ்சு இல்லை, வீட்டுக்காரரின் பிரெஞ்சில் பாதி இத்தாலியன், இரண்டுக்கும் நடுவில் பாலமாக நான்.

கிடாரத்தைத் தருவதில் அவருக்குத் தடை இல்லை. ஆனால் வரலாறு இல்லாமல் தரமாட்டார். எங்களை மேசையில் இருத்தி, அப்பாவுக்கு ஒரு கிளாஸ் சிவப்பு வைனும் எனக்குத் தண்ணீர் கலந்து அரைக் கிளாஸும் வைத்துவிட்டுத் தொடங்கினார்.

“என்னவாம்?” என்றார் அப்பா.

“தண்ணி சுத்தியல் அடிச்சதாம்.”

“தண்ணியோ? ஒழுங்காக் கேளடா.”

வீட்டுக்காரர் என்னை விட்டுவிட்டு விரலை வைனில் தோய்த்து, மேசையின் மெழுகுச் சீலையில் கீறத் தொடங்கினார். இது மலை. இது ஓடை. ஓடையிலிருந்து மரப் பீலியால் தண்ணீர் வருகிறது. வந்து ஒரு சக்கரத்தின் தலையில் விழுகிறது. சக்கரத்தின் அச்சு ஒரு முழு மரம். மரத்தைச் சுற்றி இரும்புப் பூண் போட்ட பற்கள். ஒவ்வொரு பல்லும் சுத்தியல் காம்பின் வாலை அமுக்கும். வால் கீழே போகத் தலை மேலே எழும்பும். பல் விட்டதும் தலை விழும். சுத்தியல் என்றால் கையில் பிடிக்கிற சுத்தியல் இல்லை. தலை மட்டும் ஒரு கன்றுக்குட்டி அளவு. விழுகிற இடத்தில் செம்பு.

அப்பா கொஞ்ச நேரம் அந்தச் சிவப்புக் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு நீளமான மரக்கரண்டியை எடுத்து, வைன் போத்தலின் தக்கைக்கு மேல் குறுக்காக வைத்து, ஒரு நுனியை விரலால் அமுக்கினார்.

“இது துலாவடா,” என்றார். “வாலை மிதிச்சால் தலை எழும்பும், விட்டால் விழும். எங்கட கிணத்தில ஆள் ஏறி நடந்து மிதிச்சது. இவருக்கு ஆறு மிதிச்சிருக்கு. சொல்லு.”

துலாவுக்குப் பிரெஞ்சில் என்ன என்று எனக்குத் தெரியவில்லை. நான் எழுந்து நின்று, இரண்டு கைகளையும் விரித்து, நானே துலாவாகி ஏறி இறங்கினேன். வீட்டுக்காரருக்கு உடனே விளங்கியது. மேசையில் ஒரு அடி அடித்தார். இரண்டு பேரும் கரண்டியை மாறி மாறி அமுக்கிச் சிரித்தார்கள். அப்பா வேறு மொழிக்காரர் ஒருவரோடு அப்படிச் சிரித்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை.

“எங்கட ஊரில ஆறே இல்லை எண்டு சொல்லு,” என்றார் அப்பா. “தண்ணியை நாங்கள்தான் இழுத்தனாங்கள். தண்ணி எங்களுக்கு ஒரு வேலையும் செய்து தரேல்லை.”

சொன்னேன். ஆறே இல்லாத ஊர் என்றதும் வீட்டுக்காரரின் முகம் செத்தவீட்டுக்கு வந்தவர் முகம்போல் ஆனது. அப்பாவின் கிளாஸில் இன்னும் கொஞ்சம் ஊற்றினார்.

அவர்களுடைய பள்ளத்தாக்கில் தண்ணீர் காற்றும் ஊதியதாம். உயரத்திலிருந்து உள்ளே குடைந்த ஒரு கோறை மரத்துக்குள் தண்ணீரை விழவிட்டால் அது காற்றையும் இழுத்துக்கொண்டு விழும். அடியில் ஒரு பெட்டி. தண்ணீர் ஒரு வழியால் வெளியேற, காற்று மற்ற வழியால் குழாயில் ஏறி உலைக்குப் போகும். துருத்தி மிதிக்க ஆள் வேண்டாம்.

“அப்ப இவையள் என்ன செய்தவையாம்?” என்றார் அப்பா. “எல்லாத்தையும் தண்ணி செய்தால்?”

செம்பைத் திருப்பினார்கள். அதுதான் வேலை. பனிக்காலத்தில் ஊரின் ஆண்கள் மலைதாண்டிப் போய், புதுப் பாத்திரம் விற்று, உடைந்த பழைய செம்பை முதுகில் சுமந்து வருவார்கள். அதை உருக்கி, தடித்த அடை மாதிரி வார்ப்பார்கள். சுத்தியலுக்கு முன்னால் ஊஞ்சல்போல ஒரு இருக்கை. அதில் ஆள் இருந்து, குறட்டால் அடையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிக் கொடுப்பார். அடை அகன்று தட்டமாகும். பிறகு நாலைந்து தட்டங்களை ஒன்றுக்கு மேல் ஒன்றாக அடுக்கி, வெளித்தட்டத்தின் விளிம்பை மடித்துப் பிடித்து, எல்லாவற்றையும் சேர்த்தே அடிப்பார்கள். குழிந்து குழிந்து, தொப்பிக்குள் தொப்பியாக, ஒரே அடியில் நாலைந்து கிடாரம். பிறகு பிரிப்பார்கள். வெளியே இருந்தது பெரிது, உள்ளே போகப் போகச் சின்னது.

“ஒரு வயித்துப் பிள்ளையள்,” என்று நான் மொழிபெயர்த்தேன். அது என் சொந்தச் சரக்கு.

இந்தக் கிடாரம் இரண்டாவது பிள்ளை. அவர் அதைச் சுவரிலிருந்து இறக்கி, என் கையைப் பிடித்து உட்புறத்தில் தடவவிட்டார். சுத்தியலின் தடங்கள் மீன் செதில்போல வரிசை வரிசையாக இருந்தன. உள்ளே செம்பரத்தம்பூ நிறம். அந்த நிறத்தை நான் கண்டேன். அதன் பொருள் எனக்குத் தெரியாது. அப்பாவும் கண்டார். அவருக்கும் தெரியாது. தெரிந்திருக்கக்கூடிய ஒரே ஆள் மாடியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

முதலாவது பிள்ளைக்கு என்ன ஆனது என்று அப்பா கேட்கச் சொன்னார். யுத்தம் வந்தது. வீடு வீடாகச் செம்பு சேர்க்க அரசாங்கத்து ஆட்கள் வந்தார்கள். வீட்டுக்காரரின் தாய் கிடாரங்களுக்குள் கல்லை நிரப்பி, சக்கரத்துக்குக் கீழிருந்த குட்டையில் தாழ்த்தினார். பெரியது மட்டும் தாழவில்லை, விளிம்பு தெரிந்தது. அதைக் கொண்டுபோனார்கள். மற்றவற்றுக்கு மேலால் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

“நாங்களும் பித்தளைச் சாமான் எல்லாத்தையும் கிணத்துக்கை போட்டிட்டுத்தான் வெளிக்கிட்டனாங்கள்,” என்றார் அப்பா.

பிறகு எடுத்தீர்களா என்று வீட்டுக்காரர் கேட்டார். அப்பா மரக்கரண்டியைத் துடைத்து அதன் இடத்தில் வைத்தார்.

கடைசியில், மேலே ஒரு மின்சார நிலையம் கட்டி ஓடையைக் குழாய்க்குள் விட்டுவிட்டார்கள். சந்தைக்கு அலுமினியமும் வந்திருந்தது. ஒரு காலையில் சக்கரம் நின்றது. சுத்தியல் நின்ற அன்றுதான் தனக்குக் காது கேட்கவில்லை என்று அவருக்குத் தெரிந்ததாம். அதுவரை சத்தத்தால்தான் கேட்கவில்லை என்று நினைத்திருந்தார். அவருடைய வீட்டில் எல்லோருக்கும் அப்படித்தான். சாப்பாட்டு மேசையில் கையால்தான் கதை. பிறகு மொன்றியலுக்கு வந்து கூரை வேலைக்குப் போனார். கோயில் கூரைகளுக்குச் செம்புத் தகடு அடிக்கிற வேலை. நம்முடைய பேட்டையில் பச்சை பிடித்துப்போய் நின்ற கோபுரங்களில் பாதி தன் கையால் வேய்ந்தது என்றார். பாதி என்பதை நான் கால்வாசியாகக் குறைத்துத்தான் அப்பாவிடம் சொன்னேன்.

பெருநாள் ஞாயிற்றுக்கிழமை. கோயிலின் பின்வளவில் எரிவாயு அடுப்பு வைத்து, அப்பா விடியலிலிருந்து கிளறினார். கறி இறக்குகிற நேரத்தில், எங்கள் ஊர் வழக்கப்படி தேசிப்புளி விட்டார். சனம் சூட்டோடு சாப்பிட்டது. சுவாமியார் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினார். அப்பா வாழ்க்கையில் ஒருமுறை ஆட்களுக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

அம்மாவுக்கு ஒரு சட்டம் இருந்தது. “இரவல் வாங்கின ஏனத்தை வெறும் ஏனமாத் திருப்பிக் குடுக்கிறதில்லை.” அதனால் பந்தி தொடங்க முதலே கால்வாசிக் கறியைக் கிடாரத்துக்குள்ளேயே ஒதுக்கிவிட்டார். பின்னேரம் வீட்டுக்கு வந்து தொட்டு நக்கிப் பார்த்தவர், “ஆறினதில உயிர் போட்டுது,” என்று சொல்லி, தான் வேலை செய்கிற சந்தைக் கடையிலிருந்து கொண்டுவந்த இரண்டு தேசிக்காயை வெட்டிப் பிழிந்தார். நல்ல சாறுள்ள காய். வெள்ளித்தாளால் மூடினார். கிடாரத்தின் வளைந்த பிடிக்குள் தரை கூட்டுகிற தும்புத்தடியை விட்டு, முன்னால் அப்பா, பின்னால் நான், உடன்படிக்கைப் பேழையைச் சுமப்பதுபோல இரும்புப் படியால் இறக்கினோம். வீட்டுக்காரர் கதவைத் திறந்து மூக்கை விரித்து, தெருவே கேட்க நன்றி சொன்னார்.

மறுநாள் காலை பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்டபோது வாசலில் அம்புலன்ஸ். அவரைப் படுக்கையோடு தூக்கி வந்தார்கள். முகத்தில் சுவாசக் கவசம். கண் திறந்திருந்தது. அவர் கத்தவில்லை. நான் பள்ளிக்கூடப் பையோடு படியிலேயே நின்றுவிட்டேன்.

என்றாலும் அந்த நேரத்தில் அது வெறும் கவலைதான். வயதான மனிதர், ஏதோ நெஞ்சு வருத்தம் என்றார் அம்மா, சிலுவை போட்டுக்கொண்டு. கவலையைக் கொலையாக்கியது பியர்பொன்ட்ஸ் பெரியம்மா. அவருக்கு அங்கே சொந்த வீடு, புல்வெட்டுகிற யந்திரம், எல்லா விஷயத்திலும் ஒரு கருத்து. செவ்வாய்க்கிழமை வந்து, தேத்தண்ணி குடித்துக்கொண்டே பெருநாள் கறியைப் புகழ்ந்தவர், இடையில் நிறுத்தினார்.

“எடியேய், அந்தச் செம்பு ஈயம் பூசினதோ?”

அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா என்னைப் பார்த்தார். “உள்ளுக்கை என்ன நிறமடா?” என்றார் அம்மா.

“சிவப்பு,” என்றேன்.

அம்மா நின்ற இடத்திலேயே நிலத்தில் குந்திவிட்டார். கறி நிறைந்த கிடாரத்தைத்தான் அவர் கண்டார், வெறும் கிடாரத்தைக் காணவே இல்லை. எங்கள் ஊரில் அடுப்பில் ஏறுகிற செம்புக்கு உள்ளே ஈயம் பூசி வெள்ளையாக இருக்கும். பூசாத செம்பில் புளி நின்றால் களிம்பு ஊறி நஞ்சாகும் என்பது குழந்தைக்கும் தெரியும் என்றார். ஈயம் பூசாமல் ஒருவர் அடுப்பில் வைப்பார் என்று நினைக்கவே அவருக்குத் தோன்றவில்லை. அந்தப் பள்ளத்தாக்கில் அப்படிப்பட்ட கிடாரத்தில் சோளமாக் களி மட்டும்தான் கிண்டுவார்கள், புளி என்ற பேச்சே இல்லை என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்?

“சனம் எல்லாம் சாப்பிட்டதே, ஒருத்தருக்கும் ஒண்டும் செய்யேல்லையே,” என்றார் அப்பா.

“அது சூட்டோட சாப்பிட்டது. இது இரவு முழுக்க ஊறினது. அதுக்கு மேல இவள் வேற புளிஞ்சு விட்டிருக்கிறாள்.” பெரியம்மா தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளி வைத்தார். “கலியாண வீடொண்டில இப்பிடித்தான். பச்சையாச் சத்தி எடுத்ததுகள்.”

பெரியம்மா அன்று பலகாரம் எதையும் தொடாமல் காரேறினார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நடந்ததை நான் மரியாதையோடு சொல்ல முடியாது. அப்பா ஜன்னல் சீலைகளை இழுத்து மூடினார். படியில் சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஏறவேண்டும் என்றார். எல்லோரும் இரகசியத்தில் கதைத்தோம். காது கேளாத ஒருவரின், அதுவும் ஆளில்லாத வீட்டுக்கு மேலே இருந்து இரகசியம் பேசிய குடும்பம் மொன்றியலில் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

“ஒருத்தரோடையும் கதைக்கிறேல்லை,” என்றார் அப்பா. “பொலிஸ் கேட்டால் கிடாரம் எண்டால் என்னெண்டே தெரியாது.”

நான் பள்ளிக்கூட நூலகத்தில் கலைக்களஞ்சியத்தைத் திறந்து ‘செம்பு’ பகுதியைப் படித்தேன். படித்திருக்கக் கூடாது. வயிற்றுக்கடி, வாந்தி, ஈரல் என்று போனது. அப்போதுதான் பெருநாளில் அகப்பையை நக்கியவன் நானும்தான் என்று உறைத்தது. அன்றிலிருந்து காலையும் மாலையும் கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்தேன். நாக்கில் ஒன்றும் இல்லை. ஆனால் பள்ளிக்கூட வழியில் ஒரு கோயில் இருந்தது, செம்புக் கூரை, முழுப் பச்சை. தினம் அதைக் கடந்து போகவேண்டும். கூரை முதலில் பச்சையாகிறது என்றால் மனிதனுக்கும் மேலிருந்துதான் தொடங்கும் என்று கணக்குப் போட்டு, குளியலறையில் தலைமயிரைப் பிரித்துப் பிரித்துத் தேடினேன். அந்த மயிரை இன்றைக்கு நினைத்தால் எனக்கு வேறு கவலை வருகிறது. அது போகட்டும்.

பிரெஞ்சில் வாக்குமூலமும் தயாரித்தேன். ‘என் அம்மா வேண்டுமென்று செய்யவில்லை, ஐயா. அது எங்கள் மரியாதை.’ கண்ணாடியில் சொல்லிப் பார்த்தேன். என் காதுக்கே அது குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோலத்தான் கேட்டது.

வியாழக்கிழமை வீட்டுக்காரரின் மகள் வந்து எங்கள் கதவைத் தட்டினார். அப்பா கையை உயர்த்தி எங்களை நிறுத்தினார். அம்மா குசினியில், நான் நடைவழியில் ஒற்றைக் காலில். அவர் மறுபடி தட்டினார், கொஞ்சம் நின்றார், இறங்கிப் போனார். சீலை இடுக்கால் பார்த்தேன். தெருவில் நின்று எங்கள் ஜன்னலை அண்ணாந்து பார்த்தார். அழுத முகம். எனக்கு அது போதும். ஆள் முடிந்துவிட்டார் என்று தீர்மானித்தேன்.

அம்மா அந்த நாட்களில் சமைத்தார், வேலைக்குப் போனார், வந்தார். சனிக்கிழமை சந்தையிலிருந்து வந்து காலுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்.

“நாளைக்கு நான் ஆஸ்பத்திரிக்குப் போறன்.”

“என்ன விசரே உமக்கு?” என்றார் அப்பா. “வதிவிடக் காட் வரப்போற நேரம். திருப்பி அனுப்பினால் எங்கை போறது? அந்தக் கிணத்துக்கையோ?”

“அந்த மனுசன் எதால கிடந்து உத்தரிக்கிறார் எண்டு டொக்டர்மாருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிஞ்சால் மருந்து குடுப்பினம்.”

“செத்திருந்தால்?”

“செத்திருந்தால் அந்தப் பிள்ளைக்குச் சொல்லவேணும்.”

“சொல்லிப்போட்டு?”

“சொல்லாமல் என்னால நாளைக்கு நற்கருணை வாங்கேலாது.”

“அப்ப வாங்காதையும்.”

அம்மா அப்பாவைப் பார்த்தார். கோபமில்லை. “நாங்கள் வெளிக்கிட்டு வரேக்கை வழியில எத்தினை வீட்டில கதவைத் தட்டினனாங்கள், நினைவிருக்கோ? உள்ளுக்கை ஆள் இருந்தது எங்களுக்குத் தெரியும்.”

அப்பா எழுந்து அறைக்குள் போனார்.

மறுநாள் நானும் அம்மாவும் வெளிக்கிட்டபோது அப்பா பெருநாளுக்குப் போட்ட சேட்டோடு படியில் நின்றார். கையில் ஒரு பை. உள்ளே அம்மாவின் தடித்த கம்பளிச் சட்டையும் ஒரு சோடி காலுறையும் இருந்தன.

“அங்கை குளிரும்,” என்றார். அங்கை என்றால் மறியல், சிறைக்கூடம்.

பஸ்ஸில் அப்பா பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார். ஆஸ்பத்திரி விசாரணை மேசையில் நான் அவருடைய பெயரைச் சொன்னேன். அந்தப் பெண் கணினியில் பார்த்து அறை எண்ணைச் சொன்னாள். அறை எண் இருக்கிறது என்றால் ஆள் இருக்கிறார். அம்மா என் தோளைப் பிடித்தார், நகம் ஏறியது.

நாலு கட்டில் அறை. ஜன்னலோரம் அவர். மெலிந்திருந்தார். எங்களைக் கண்டதும் கையை உயர்த்தினார். கேட்க உதவும் கருவியை ஆஸ்பத்திரியில் காதிலிருந்து எடுத்திருந்தார்கள். அம்மா கட்டிலருகே போய், கையைக் கட்டிக்கொண்டு, “சொல்லு தம்பி,” என்றார்.

நான் தயாரித்து வைத்ததை மெல்லச் சொன்னேன். அவர் காதைக் குவித்தார். கொஞ்சம் பலமாகச் சொன்னேன். தலையை ஆட்டினார், கேட்கவில்லை. கடைசியில் வேறு வழியில்லாமல், பிரெஞ்சில், அந்த மாடியே கேட்க, என் அம்மா உங்களுக்கு நஞ்சு வைத்துவிட்டார் என்று கத்தினேன்.

அடுத்த கட்டில்காரர் தன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். தாதி வாசலில் நின்றுவிட்டாள். அப்பா கம்பளிச் சட்டையைப் பையிலிருந்து எடுத்தார்.

வீட்டுக்காரர் அம்மாவை நெடுநேரம் பார்த்தார். பிறகு சிரித்தார். சிரிப்பு எங்கேயோ பிடித்து இழுக்க, முகம் கோணி, கண்ணால் தண்ணீர் வந்தது. அதன்பிறகு வாயால் சொல்லவில்லை. அவருடைய ஊர் மேசையில் பேசுவதுபோலக் கையால் சொன்னார். வெள்ளித்தாளைத் தூக்குகிறார். மணக்கிறார். புளி. கண்ணை அகல விரிக்கிறார். அள்ளுகிறார், அள்ளுகிறார், போத்தல், மூடி, போத்தல், மூடி. அது செப்டெம்பர், தக்காளி அடைக்கிற காலம், அவருடைய நிலவறையில் கழுவிய போத்தல்கள் அடுக்கடுக்காக நின்றன.

எனக்கு முன்னமே அப்பாவுக்கு விளங்கியது. “செம்பிலயிருந்து எடுத்துப்போட்டாராம்,” என்றார். “நாங்கள் படியேற முன்னமே எடுத்துப்போட்டாராம்.”

“சாப்பிட்டவரோ எண்டு கேள்,” என்றார் அம்மா.

ஒரு வாய்கூட இல்லை. உப்பு ஆகாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். போத்தல்களை மகள் கொண்டுபோய்விட்டாள். பேரப்பிள்ளைகள் சாப்பிட்டார்கள். அதைச் சொல்லவும், தகப்பன் உங்களைக் கேட்கிறார் என்று சொல்லவும்தான் அவள் வந்து கதவைத் தட்டினாளாம். வீட்டில் ஆளில்லை என்று நினைத்தாள்.

அம்மா கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அழவில்லை. “அப்ப ஏன் இஞ்சை கிடக்கிறார்?” என்றார்.

அவர் மறுபடி கையைத் தூக்கினார். கழுவுகிறார், தேய்க்கிறார், தண்ணீரை உதறுகிறார். இரண்டு கையாலும் எதையோ தலைக்கு மேலே உயர்த்துகிறார். பிறகு வலது கையைக் கதிரையாக்கி, நாலு விரலில் நிற்கவைத்து, மெல்லச் சாய்த்தார். கை போர்வையில் விழுந்தது.

“நாங்கள் கறி வைக்காமல் கழுவி நாங்களே மாட்டிக் குடுத்திருந்தால் இவர் அதைக் கழுவியிருக்கவும் மாட்டார், ஏறியிருக்கவும் மாட்டார். கேள்,” என்றார் அம்மா.

அதை நான் கேட்கவில்லை. அம்மாவும் இரண்டாம் தரம் சொல்லவில்லை.

அவர் அந்த வீட்டுக்குத் திரும்பி வரவில்லை. லாவாலில் மகளோடு இரண்டு வருடம் இருந்தார். வீட்டை விற்றார்கள், நாங்கள் ஜூலை முதலாம் திகதி எல்லோரையும்போல மெத்தையைச் சுமந்துகொண்டு வேறு தெருவுக்குப் போனோம். அப்பாவின் காட் அதற்கும் ஒரு வருடம் கழித்து வந்தது. கிடாரம் எங்கே போனது என்று எனக்குத் தெரியாது. விழுந்ததில் ஒரு பக்கம் உள்ளே அமுங்கியிருந்தது என்று மகள் சொன்னார்.

நடந்தது இவ்வளவுதான். யாரும் யாருக்கும் நஞ்சு வைக்கவில்லை. திங்கட்கிழமை காலை கழுவிய கிடாரத்தைச் சுவரில் மாட்டுவதற்கு எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் தனியாகக் கதிரையில் ஏறினார். ஈரத் தரையில் கதிரை வழுக்கியது. இடுப்பெலும்பு முறிந்தது. அதன்பிறகு அவர் நடக்கவில்லை.